முதிய கையும் கிட்டாரும்: ஒரு பயிற்சி வழக்கத்தின் வரலாறு

கிட்டார் பயிற்சியை வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு உண்டு. ஆறு தந்திக் கிட்டார் 1800ஐ ஒட்டி ஐரோப்பாவில் பரவியது. அதற்கு முறையான பாடநூல்கள் எழுதப்பட்ட காலத்திலேயே, வீண் சிரமமின்றி வாசிப்பது எப்படி என்ற கேள்வியும் எழுந்துவிட்டது. பின்னர் வந்த தலைமுறைகள் வாத்தியத்தைப் பிடிக்கும் முறை, தந்தியின் இழுவிசை, விரல்களுக்கு வேலையைப் பங்கிடும் விதம், சாதக நேரம் ஆகிய நான்கையும் மாற்றி அமைத்தன. ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள் இன்று கிட்டாரைத் தொடர முடிவதற்கு இந்த நான்கு மாற்றங்களே அடிப்படை. தமிழகத்தில் கிட்டார் வேரூன்றுவதற்கு முன்பே வீணைச் சாதகம் இதே கேள்விகளைத் தன் வழியில் சந்தித்திருந்தது.

பிடிக்கும் முறை

ஸ்பெயினைச் சேர்ந்த பெர்னாண்டோ சோர் (1778–1839), தியோனிசியோ அக்வாடோ (1784–1849) ஆகிய இருவரும் பாரிஸில் வாழ்ந்த நண்பர்கள். சோரின் கிட்டார் பாடநூல் 1830இல் வெளியானது. வலக்கையில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றையே அவர் பெரிதும் நம்பினார். மோதிர விரலைத் தேவைப்பட்டபோது மட்டும் பயன்படுத்தினார். கிட்டாரை மேசையில் சாய்த்து வைத்தால் இடக்கை வாத்தியத்தின் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பது அவருடைய ஏற்பாடு. அக்வாடோ இன்னும் ஒரு படி மேலே போய், கிட்டாரைத் தாங்கிப் பிடிக்க மூன்று கால் கொண்ட ஒரு தாங்கியை வடிவமைத்தார். வாத்தியம் தாங்கியில் நின்றதால் இரண்டு கைகளும் வாசிப்புக்கு மட்டுமே பயன்பட்டன.

அந்தத் தாங்கி நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியக் கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) பரப்பிய முறையே பொது வழக்காயிற்று. இடக்காலைச் சிறு பலகையில் உயர்த்தி, அந்தத் தொடையில் கிட்டாரை வைக்கும் முறை அது. இளம் உடலுக்கு இதில் தொல்லை இல்லை. பல ஆண்டுகள் ஒரு காலை மட்டும் உயர்த்தி உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகு வலி கண்டது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடைமேல் வைக்கும் மெத்தைகளும், கிட்டாரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் தாங்கிகளும் பரவலாயின. இரண்டு பாதங்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்க, கிட்டார் மட்டும் உயர்ந்து நிற்கும்படி இவை செய்கின்றன. அக்வாடோ தேடிய தீர்வுக்கே கிட்டார் உலகம் வேறு வடிவில் திரும்பி வந்தது.

தாரெகாவின் கடைசி ஆண்டுகள் நகத்தின் வரலாற்றிலும் ஒரு திருப்பம். ஐம்பது வயதை நெருங்கியபோது, 1902 வாக்கில், அவர் நகங்களை வெட்டிவிட்டு விரல் சதையால் மீட்டத் தொடங்கினார். நாதம் மென்மையானது, உரப்பு குறைந்தது. 1906இல் அவருடைய வலப்பக்கம் முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டது. முழுமையாகக் குணமடையாத நிலையிலும் அவர் மேடைக்குத் திரும்பினார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை இசையமைத்துக்கொண்டிருந்தார். நகமில்லா மீட்டலை அவருடைய மாணவர் எமிலியோ புஹோல் (1886–1980) தொண்ணூறு வயதைக் கடந்த தம் வாழ்நாள் முழுவதும் ஆதரித்தார். மூப்பில் நகம் மெலிந்து, கோடு விழுந்து, எளிதில் பிளக்கும். அந்த நிலைக்கு வந்த கலைஞர்களுக்குச் சதை மீட்டல் மதிப்புள்ள ஒரு மரபாகவே காத்திருந்தது.

தந்தியின் இழுவிசை

இரண்டாம் உலகப் போர் வரை கிட்டாரின் மேல் தந்திகள் ஆட்டுக் குடலால் செய்யப்பட்டன. அவை விரைவில் நைந்தன. ஈரப்பதம் கூடினால் சுருதி விலகியது. போர்க்காலத்தில் குடல் நூல் அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் தந்திக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின், டூபான்ட் நிறுவனத்தின் நைலானைக் கொண்டு தந்தி செய்தார். ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஆந்திரேஸ் செகோவியா 1940களின் பிற்பகுதியில் அதை ஏற்றுக்கொண்டார். வழவழப்பான, சீரான நைலான் தந்தி விரல் நுனியைக் குறைவாகவே உரசியது.

எஃகுத் தந்தியின் கதை வேறு. மெல்லிய வகை எனப்படும், முதல் தந்தி 0.012 அங்குலத் தடிமன் கொண்ட தொகுதியைப் பூட்டினாலும் ஆறு தந்திகளும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கின்றன. நைலானில் இது 40 கிலோ அளவுதான். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் எர்னி பால் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மெல்லிய தந்தித் தொகுதிகளை விற்கத் தொடங்கினார். அவற்றை முதலில் வாங்கியவர்கள் தந்தியை வளைத்து வாசிக்க விரும்பிய இளைஞர்கள். பின்னாளில் மூட்டு வலி கண்ட முதியவர்களுக்கும் அதே தந்திகள் கைகொடுத்தன.

இழுவிசையைக் குறைக்க வேறு இரண்டு வழிகளும் உண்டு. சுருதியை அரைப்படி இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடும், ஒரு முழுப்படி இறக்கினால் ஏறத்தாழ 21 விழுக்காடும் குறையும். அதே சுருதியில் அதே தந்தியைக் குறுகிய கிட்டாரில் பூட்டினாலும் விசை குறையும். கிளாசிக்கல் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் வழக்கமாக 650 மில்லிமீட்டர். 630 மில்லிமீட்டர் கிட்டாரில் இழுவிசை 6 விழுக்காடு குறைவதோடு, விரல்கள் விரிய வேண்டிய தூரமும் சுருங்குகிறது. மலிவான கிட்டார்களில் தந்தி விரல்பலகையிலிருந்து அதிக உயரத்தில் நிற்பது வழக்கம். அந்த உயரத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் குறைப்பது பலருக்கு எல்லா மருந்தையும்விட விரைவில் பலன் தந்திருக்கிறது.

விரல்களின் வேலைப் பங்கீடு

விரல் முடக்கமும் மூட்டுத் தேய்வும் வாசிப்பை முடித்துவிடுவதில்லை என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு சில தெளிவான சான்றுகளைத் தந்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட் (1910–1953) பதினெட்டு வயதில், 1928இல் நடந்த தீ விபத்தில், இடக்கை மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கப் பெற்றார். தனி வாசிப்பை இரண்டு விரல்களாலேயே அமைத்துக்கொண்டார். கழுத்தின் குறுக்கே விரல்களை அகல விரிப்பதைத் தவிர்த்து, தந்தியின் நெடுக்கே கையை நகர்த்தும் விரலமைப்பு அவருடையது. மூட்டு விறைத்த முதியவர்களுக்கும் பயன்படும் அடிப்படைக் கோட்பாடு இது.

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் (1915–2009) 1948இல் கார் விபத்தில் வலது முழங்கையை இழக்கும் நிலைக்கு வந்தார். மூட்டு இனி மடங்காது என்று தெரிந்ததும், கிட்டார் வாசிக்க ஏதுவான கோணத்தில் கையைப் பொருத்தும்படி மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டார். முதுமையில் மூட்டுவாதம் விரல்களையும் பிடித்தது. ஆனாலும் 1984 முதல் நியூயார்க்கில் திங்கட்கிழமை தோறும் நிகழ்ச்சி நடத்தினார். 94 வயதில் இறந்த ஆண்டு வரை அந்த வழக்கம் தொடர்ந்தது. இளமையின் அதிவேக வரிசைகளைக் குறைத்து, சில சுரங்களைத் தேர்ந்து, நேரம் பார்த்து வைக்கும் வாசிப்புக்கு அவர் மாறியிருந்தார். இங்கிலாந்தின் ஜூலியன் பிரீம் 1984இல் விபத்தில் வலது முழங்கை முறிந்தபின் தம் வலக்கை முறையைத் திருத்திக்கொண்டு 2002 வரை மேடையில் இருந்தார்.

செகோவியா (1893–1987) இதில் தனி இடம் பெறுகிறார். தொண்ணூறு வயதைக் கடந்தும் கச்சேரி செய்தவர் அவர். நாளின் சாதகத்தை ஒரே மூச்சில் முடிக்காமல், இடையிடையே ஓய்வு விட்டுப் பல அமர்வுகளாகப் பிரித்துக்கொள்வது அவர் வழக்கம். நாள்தோறும் சுர வரிசைகளுக்கு நேரம் ஒதுக்குவதையும் அவர் விடவில்லை.

வீணை காட்டிய வழி

தென்னிந்திய சாதக மரபு இளமையின் உழைப்பை மிகவும் போற்றுவது. விடியலுக்கு முன் எழுந்து சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை மூன்று காலங்களிலும் வாசிப்பது அதன் அடித்தளம். வீணைக்கு இந்த உழைப்பு கடினமானது. தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்ப வேண்டும். இடக்கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து தழும்பு விழும். அதைத் தணிக்க எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசிப்பது வழக்கம்.

அதே மரபுக்குள் மென்மையின் வழியும் இருந்தது. வீணை தனம்மாள் (1867–1938) உலோக மீட்டு அணியாமல் விரல் நகத்தாலேயே மீட்டினார். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைச் சிறு கூட்டமாகவே ரசிகர்கள் கேட்டார்கள். பதங்களைச் சௌக்க காலத்தில் நிதானமாக விரிப்பது அவர் பாணி. பிற்காலத்தில் பார்வையை இழந்த பிறகும் அந்தக் கச்சேரிகள் நின்றுவிடவில்லை. முதுமையை எண்ணி அவர் உருவாக்கிய பாணி அல்ல இது. ஆனால் உரப்பையும் வேகத்தையும் நம்பாத பாணி என்பதால், உடல் தளர்ந்தபோது அதில் விட்டுக்கொடுக்க வேண்டியது குறைவாக இருந்தது.

பெரிய அரங்குகள் வந்தபோது வேறொரு தீர்வு தேவைப்பட்டது. ஈமனி சங்கர சாஸ்திரி (1922–1987), சிட்டிபாபு (1936–1996) ஆகியோர் காலத்தில் வீணையின் உடலில் பொருத்தும் காண்டாக்ட் மைக் பரவியது. ஒலியைக் கருவி பெருக்கித் தந்ததால் வலக்கை ஓங்கி மீட்ட வேண்டிய கட்டாயம் நீங்கியது. இடக்கையின் சிரமத்தை அறவே குறைக்கும் வாத்தியம் கோட்டுவாத்தியம். மெட்டுகள் இல்லாத அதில் மரத்துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பார்கள். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி (1894–1978) அதன் பெரிய ஆசான்களில் ஒருவர். மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வாசிக்கும் ஹவாயன் கிட்டாரும் இதே வகை. ஹவாய் கலைஞர் டௌ மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி அதைப் பரப்பினார். விரலால் தந்தியை அழுத்த முடியாதவர்களுக்கு இந்த வகை வாத்தியங்கள் ஒரு மாற்று வழி.

தங்கவயலும் கிட்டாரும்

தென்னிந்தியாவில் ஸ்பானிஷ் கிட்டார் தேவாலயங்கள், கிளப்புகள், நடன அரங்குகள் வழியாகப் பரவியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ரயில்வே ஊர்களும் சுரங்க ஊர்களும் அதன் தொடக்க இடங்கள். கோலார் தங்கவயல் அவற்றில் ஒன்று. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் முதலிய பகுதிகளைக் கொண்ட அந்த ஊரில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மேற்கத்திய இசையை வளர்த்தனர். நிலத்தடி வேலையில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள்.

சுரங்க ஊரில் கை மூப்படைவதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. கையால் சுத்தியல் அடித்துத் துளையிட்ட காலத்துக்குப் பின் அழுத்தக் காற்றில் இயங்கும் துளைக்கருவிகள் வந்தன. இவற்றின் அதிர்வு விரல்களின் இரத்த நாளங்களையும் நரம்புகளையும் பாதிக்கும் என்பதை இத்தாலிய மருத்துவர் லோரிகா 1911இல் பதிவு செய்தார். அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இண்டியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். தொடு உணர்வு மங்கும். நுண்ணிய பிடி தளரும். இத்தகைய கைக்குத் தந்தி வாத்தியம் கற்பிப்பவர், ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் அந்தக் கை செய்துவந்த வேலையையும் கேட்டறிய வேண்டும். கையை வெதுவெதுப்பாக்கிய பின்பே வாசிக்கத் தொடங்குவது இங்கே இன்றியமையாதது.

சென்னையில் கிட்டாரின் பெரிய பயிற்சிக்கூடம் திரைப்பட இசைக்குழு. முழுக் குழுவும் ஒன்றாக அமர்ந்து ஒரே எடுப்பில் ஒலிப்பதிவு செய்த காலத்தில், நொட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிக்கும் திறனே ஒருவருக்கு வேலை தந்தது. மேற்கத்திய இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜாவும் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு வழி வந்தவர். அந்தத் தேர்வுகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்பதால், பணி ஓய்வுக்குப் பிறகு படிநிலைகளை எழுதத் தொடங்குவோருக்கும் அவை ஒழுங்கான பாதை ஆயின. கர்நாடக இசையில் சுகுமார் பிரசாத்தும் பின்னர் ஆர். பிரசன்னாவும் எலெக்ட்ரிக் கிட்டாரை மேடையேற்றினர். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். மின் வாத்தியத்தில் மெல்லிய தந்தியும் மெல்லிய தொடுதலும் போதும். கமகத்தை வளைத்தும் எழுப்பலாம், ஜாரு கொடுத்துச் சறுக்கியும் எழுப்பலாம். சறுக்கலுக்கு விரல் மூட்டின் பலம் குறைவாகவே வேண்டும்.

மருத்துவமும் உளவியலும்

இசைக் கலைஞர்களின் உடல்நலம் தனி மருத்துவத் துறையாக உருவெடுத்தது 1980களில். அந்தத் துறைக்கென ஒரு அமெரிக்க இதழ் 1986இல் தொடங்கியது. அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களில் 2,212 கலைஞர்களிடம் நடந்த ஆய்வு 1988இல் வெளியானது. வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஒரு நோயாவது உள்ளதாக 76 விழுக்காட்டினர் அதில் கூறினர். வலியைச் சொல்லாமல் மறைப்பதே தொழில் தர்மம் என்று எண்ணியிருந்த உலகில், வலி பொதுவானது என்பது எண்ணிக்கையோடு வெளிப்பட்டது.

வயதோடு வருபவை பல. விரலின் கடைசி மூட்டுகளிலும் கட்டைவிரலின் அடி மூட்டிலும் தேய்வு ஏற்படுகிறது. மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்வதும் தோள்பட்டை இறுகுவதும் சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. மணிக்கட்டு நரம்பு அழுந்தினால் விரல்கள் இரவில் மரத்துப்போகும். காதில் முதலில் மங்குவது உச்ச அதிர்வெண்கள். கண்ணுக்கு, நொட்டேஷன் தாங்கி இருக்கும் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி தேவைப்படலாம், ஏனெனில் புத்தகக் கண்ணாடி அதைவிட நெருங்கிய தூரத்துக்குச் செய்யப்பட்டது.

உளவியல் இதற்கு வேறொரு வெளிச்சம் தந்தது. பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் (1887–1982) முதுமையில் கச்சேரி செய்தது எப்படி என்பதை ஜெர்மன் உளவியலாளர் பால் பால்டெஸ் ஒரு கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக்கினார். ரூபின்ஸ்டைன் உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். குறைத்தவற்றை முன்னிலும் அதிகமாகச் சாதகம் செய்தார். வேகமான பகுதிக்கு முந்தைய பகுதியைச் சற்று மெதுவாக வாசித்தார், அதனால் அடுத்து வந்தது வேகமாகக் கேட்டது. தேர்வு, மேம்பாடு, ஈடுகட்டல் என்று இம்மூன்றுக்கும் பெயர் வந்தது. 1996இல் ரால்ப் கிராம்பேயும் ஆண்டர்ஸ் எரிக்சனும் இளைய, முதிய பியானோ கலைஞர்களை ஒப்பிட்டனர். பொதுவான வேகச் சோதனைகளில் முதிய தொழில்முறைக் கலைஞர்களும் மற்ற முதியவர்களைப் போலவே மெதுவாயினர். பியானோ சார்ந்த வேலைகளில் மட்டும், கவனமான சாதகத்தைத் தொடர்ந்தவர்கள் திறனைக் காத்துக்கொண்டனர். இளமையில் சேர்த்த திறமை தானாக நிலைப்பதில்லை, நடுவயதிலும் முதுமையிலும் செய்யும் சாதகமே அதைக் காக்கிறது என்பது அந்த ஆய்வின் சாரம்.

சாதக முறையின் இன்றைய வடிவம்

இந்த வரலாற்றின் வழியே உருவான முறை இன்று பெரும்பாலான ஆசிரியர்களிடம் ஒத்த வடிவில் உள்ளது. நீண்ட ஒரே அமர்வுக்குப் பதில் இருபது, இருபத்தைந்து நிமிட அமர்வுகள் சில. தொடக்கத்தில் கையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து அல்லது மெல்ல அசைத்துச் சூடாக்குதல். முதலில் திறந்த தந்திகள், பிறகு மெதுவான சுர வரிசைகள், அதன்பின் உருப்படி. பல தந்திகளை ஒரு விரலால் அழுத்தும் பார் கார்டுகளை அமர்வின் தொடக்கத்திலேயே நெடுநேரம் வாசிக்காமல், நடுவில் சிறிது நேரம் வாசித்தல். எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டினால் அதே பாடலை எளிய கார்டு வடிவங்களில் வாசிக்கலாம், ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் குறையும்.

மெல்செல் 1815இல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் இளைஞர்களிடம் வேகத்தை ஏற்றும் கருவியாக இருந்தது. முதியவர்களிடம் அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. முதற்காலத்தில் சுத்தமாக வராத எதுவும் இரண்டாம் காலத்துக்குப் போகக்கூடாது என்ற கர்நாடக சாதக விதியும் இதையே சொல்கிறது. புதிய உருப்படி மனதில் பதிய முதியவருக்குக் கூடுதல் நாட்கள் ஆகும். ஆகவே ஒரே நாளில் நூறு முறை வாசிப்பதைவிட, பல நாட்களுக்குப் பரப்பி வாசிப்பது பயன் தரும். இரவுத் தூக்கம் அந்தப் பதிவை உறுதியாக்குகிறது. விரல் களைப்பதும் விரல் வலிப்பதும் வெவ்வேறு. களைப்பு ஓய்வில் தீரும். மறுநாள் காலையிலும் இருக்கும் வலிக்கும் மரத்துப்போதலுக்கும் மருத்துவரையே பார்க்க வேண்டும்.

சோர் முதல் லெஸ் பால் வரை, தனம்மாள் முதல் செகோவியா வரை நீளும் இந்த வரலாற்றில் ஒரு முடிவு தெளிவாக நிற்கிறது. நெடுநாள் வாசித்தவர்கள் இளமையின் முறையை முதுமையிலும் வலிந்து தொடர்ந்தவர்கள் அல்லர். வேகத்தையும் உரப்பையும் காலத்தில் விட்டுக்கொடுத்து, நாதத்தையும் நாள்தோறும் வாத்தியத்தைத் தொடும் வழக்கத்தையும் விடாமல் வைத்துக்கொண்டவர்களே அவர்கள். ஐம்பது வயதில் கிட்டாரைக் கையில் எடுப்பவரும், நாற்பது ஆண்டுகள் வாசித்துவிட்டு விரல் வலியோடு அதைக் கீழே வைக்க நினைப்பவரும் பின்பற்ற வேண்டிய வழி இதுவே.